பேச்சுக் கொடுங்கள்

குனியுங்கள் என்று அவள் கத்தியதற்கு, "சரி" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தே நின்றார் அந்த மனிதர்.

படகு திரும்பியது. பாயும் அதன் அடியில் கட்டிய குறுக்குக்கட்டையும் இந்தப் பக்கமாகச் சடாரென்று வீசின. கட்டை அவர் காதுக்கு மேல் அடித்தது. அவர் பொத்தென்று பலகையில் விழுந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அவள் எதைச் சொன்னாலும் சரி. கேட்டுவிட்டுச் சொல்கிற சரி இல்லை, கேட்காமலே சொல்கிற சரி. வீடு பற்றி எரிகிறது, வெளியே வாருங்கள் என்றாலும் சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார்.

பாயை இறக்கினாள். இன்ஜினைப் போட்டாள். ரத்தம் வந்த இடத்தில் துண்டை அழுத்திக் கட்டி, அவரைத் தன் காலடியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு ரேடியோவில் உதவி கேட்டாள்.

எதிரே தொலைவில் தெரிந்த பெரிய தீவிலிருந்து ஒரு டாக்டர் பேசினார். படகுத் துறையில் வண்டியோடு நிற்பதாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்கம்மா, தூங்க விட்டுடாதீங்க. பேச்சு குழறினா உடனே சொல்லுங்க. சும்மா ம், சரின்னா பத்தாது, முழுசாப் பேச வைங்க."

யாரிடம் வந்து என்ன கேட்கிறார் பாருங்கள்! அவரை முழுசாகப் பேச வைக்க வேண்டுமாம்.

அவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வெளியே வாயைத் திறந்தால் மூட மாட்டார். பாலிசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்தியவனை ஜன்னல் வழியாகவே பேசி மடக்கியவர். வீட்டுக்கு வந்தால் செருப்போடு சேர்த்து வாயையும் வாசலில் கழற்றிப் போட்டுவிடுவார்.

அவளோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல். ஒரு கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலைத் திறந்துவிட்டாள்.

மலைக்குப் போகலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா?

கேட்கவில்லை. நாம் ரெண்டு பேர் மட்டும் கடலுக்குப் போகலாம், தீவு தீவாகச் சுற்றலாம் என்று அவராக வாயைத் திறந்து சொன்னார். அவராகக் கூப்பிட்ட ஒரே பயணம் அது. அதில் அவள் உருகித்தான் போனாள். ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டாள். வாராவாரம் அவரோடு போய்ப் படகு ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

இப்போது சுற்றிலும் காலண்டரில் போடுகிற மாதிரி பச்சைப் பச்சையாகத் தீவுகள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை மகனின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் சோபாவில் குறட்டை விட்டு மானத்தை வாங்கியதைச் சொல்லிக் காட்டினாள்.

"ம்" என்றார்.

அவளுடைய சைக்கிளை அவளைக் கேட்காமலே எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்ததைக் கேட்டாள்.

"சரி" என்றார். இமைகள் பாதி இறங்கிவிட்டன.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வண்டி நிறுத்த இடமில்லை என்று அவளை மட்டும் வாசலில் இறக்கிவிட்டுப் போனாரே, அதையும் இழுத்தாள். அதைச் சொல்லும்போது அவள் குரலே உடைந்துவிட்டது.

அவர் இமைகள் முழுக்க மூடிக்கொண்டன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அவள் பயந்துவிட்டாள். அந்தப் பயமும் கோபமாகத்தான் வெளியே வந்தது. அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்களுக்கு ஒரு மரக்கட்டை தேவலை! இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது மனசுல இருக்கிறதை என்கிட்டப் பேசியிருக்கீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"பேசத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

நாக்கு குழறவில்லை. பாலிசியின் விதிகளைப் படித்துக் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது.

"ஊருக்குப் போனதும் உன்னை விட்டுத் தனியாப் போயிடலாம்னு இருக்கேன். வீடுகூடப் பாத்தாச்சு. நடுக்கடல்ல சொன்னா நீ பாதியில எழுந்து போக முடியாது, கேட்டுத்தானே ஆகணும். தினமும் வாயெடுப்பேன். அதுக்குள்ள நீ ஏதாவது ஆரம்பிச்சிடுவ. நானும் சரின்னுட்டு விட்டுடுவேன்."

அவளிடம் சேர்ந்தாற்போல அவர் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

இந்த ஆளை அப்படியே தூக்கிக் கடலில் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்ஜின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மனதில் இருந்ததை இறக்கி வைத்துவிட்ட நிம்மதியோ என்னவோ, அவர் முகம் தளர்ந்தது. கண்கள் மறுபடி மூடிக்கொண்டன.

அந்தப் பெரிய தீவு இன்னும் வெறும் கோடாகத்தான் தெரிந்தது. துறையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை.

அவள் குனிந்து அவர் கன்னத்தில் தட்டினாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினாள்.

"தூங்காதீங்க. வீடு எங்க பாத்திருக்கீங்க? மாடியா, கீழயா? எத்தனை ரூம்? சொல்லித் தொலைங்க."