அரைத் தொட்டித் தண்ணீர்

கைப்பிடியை இழுத்தால் கழிவறைத் தொட்டியிலிருந்து பாதித் தண்ணீர்தான் இறங்குகிறது. எங்கும் கசிவில்லை, குழாயில் வேகமும் குறையவில்லை. தையல்காரிக்குக் காரணம் பிடிபடவில்லை. எதிர்வீட்டுச் சமையலறையின் மஞ்சள் வெளிச்சம் சின்ன ஜன்னல் வழியே அவள் கையில் விழுகிறது. அங்கே கொத்தனார் வெங்காயம் உரிக்கிறார். "கண்ணு எரியுதுடி!" "குடிச்சப்ப எரியலையாக்கும்?" என்று மனைவி கேட்க, இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். சாராயக் கடையை மூடச் சொல்லி அந்தப் பெண்ணும் இவளும் ஒரே வெயிலில்தான் தெருவில் உட்கார்ந்தார்கள். தடை வந்தது, கடை போனது. அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைத்தான். இவள் புருஷனும் விட்டுவிட்டதாகத்தான் சொல்கிறான். ஆனால் இங்கே குளித்துவிட்டு வரும்போதெல்லாம் அவன் நாக்குக் குழறுகிறது. "அக்கா, அண்ணன் என்ன பண்றாரு?" எதிர் ஜன்னலிலிருந்து குரல். "அலுப்புல படுத்திருக்காரும்மா." பொய் சொன்ன வாய் கசக்கிறது, அந்த வெங்காயத்தின்மேல்கூடப் பொறாமை வருகிறது. வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று தொட்டி மூடியைத் தூக்குகிறாள். மிதவை மேலே ஏறினால் குழாய் தானாக மூடிக்கொள்ளும்; அதுவரைதான் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு உரிய இடத்தில் நான்கு பாட்டில்கள் முழுகிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து, கழிவறையில் கவிழ்க்கிறாள். "உள்ள என்னடி சத்தம்?" என்கிறான் புருஷன். அவள் தொட்டி நிரம்பும்வரை நின்று கைப்பிடியை இழுக்கிறாள். பாட்டில்கள் இல்லாத தொட்டியிலிருந்து தண்ணீர் முழுசாக இறங்குகிறது.