லென்ஸை மட்டும் தூக்கு

கும்மிடிப்பூண்டியில், பூட்டிக்கிடந்த ஆலையின் உயரமான சுவரைப் பெரிய பெட்டிக் கேமராவில் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள் பூமிகா. கேமராவின் கண்ணாடித் திரையில் சுவர் மூன்றாவது முறையாகச் சாய்ந்தே தெரிந்தது.

"கேமராவையே மேல சாச்சிருப்ப. அது நேரா நிக்கட்டும், லென்ஸ மட்டும் தூக்கு," என்றான் உடன் பயிலும் பரத்.

"அப்பிடித்தான் வெச்சிக்கீறேன். நீயே பாரு!"

பரத் குனிந்து கேமராவின் மேலிருந்த ரசமட்டத்தைப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. கேமராவை மூடியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் திரையையும் பார்த்தான்.

"சரியாத்தான் கீது. பின்னாடி புகைபோக்கி கூட நேரா தெரியுது. செவுரு மட்டும் இன்னாத்துக்கு சாயுது?"

பூமிகா எரிச்சலோடு கறுப்புத் துணிக்குள் மீண்டும் தலையை நுழைத்தாள். இருவரும் கேமராவைத் தொடவேயில்லை. ஆனால் சுவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

துணியை வீசிவிட்டு, சுவரின் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களை நோக்கி ஓடினாள்.

"எழுந்து ஓடியாங்கக்கா! செவுரு வுழுது!"

கடைசிப் பெண்ணை அவள் இழுத்துக்கொண்டு வந்த மறுநொடி, சாப்பாட்டு டப்பாக்களின் மேல் சுவர் சரிந்தது.