கிழக்குப் பக்கம் ஒரு வெள்ளை

தீவுத் துறைமுகத்தை ஒட்டிய ஃபீனிக்ஸ் பே பகுதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் சொக்கலிங்கத்துக்குச் செத்துப்போன ஒருவன்மேல்தான் பொறாமை. அவர் மனைவி ராஜகுமாரியின் முதல் புருஷன் முருகையாவைச் சிப்பிகாட்டில் வீட்டோடு சேர்த்துச் சுனாமி கொண்டுபோயிருந்தது. வீடு நின்ற அவன் வயல் எட்டு வருஷமாகக் கடல்நீருக்கடியில் கிடக்கிறது.

நில ஆய்வு ஆபீசுக்குத் தகரம் கொடுக்கப் போனபோது, அதிகாரி ஷீலா செயற்கைக்கோள் ரேடார் படத்தைக் காட்டினாள். தண்ணீர் கறுப்பாக விழுமாம், சுவர் வெள்ளையாக. முருகையாவின் வயலில் வெள்ளையாய் ஒரு கட்டம்.

"அது என்னம்மா?"

"வீடுதான் அண்ணாச்சி. பக்கா சுவர்."

மறுநாளே போய்ப் பார்த்தார். முழங்கால் ஆழத் தண்ணீர்தான் இருந்தது, ஒரு செங்கல்கூட இல்லை. ராஜகுமாரியிடம் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

இருபத்தைந்து நாள் கழித்து அடுத்த படம் வந்தது. கட்டம் அங்கேயே இருந்தது. கிழக்குப் பக்கம் புதிதாக ஒரு சின்ன வெள்ளை ஒட்டியிருந்தது.

"சமையக்கட்டு இழுத்திருக்காங்க போல," என்றாள் ஷீலா.

கிழக்கே ஒரு சமையல்கட்டு கட்டித் தரச்சொல்லி ராஜகுமாரி இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இழுத்தடித்தவர் அன்றே தகரமும் கம்பியும் வண்டியில் ஏற்றினார். ஆயுளில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ராஜகுமாரி வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள்.

"சமையக்கட்டு இனிமே வேணாங்க," என்றாள்.

அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.