வெங்காயத் தோட்டத்து டீசல் என்ஜின்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிற்றூர். அங்கே பெண்கள் சேர்ந்து வெங்காயம் போட்டிருந்த தோட்டத்துக்கு ஒரு சோலார் தகடு வந்து தண்ணீர் இறைக்கத் தொடங்கியது. அதுவரை இறைத்துக்கொண்டிருந்த டீசல் என்ஜினைக் கொட்டகையில் ஒதுக்கிவிட்டார்கள். என்ஜினுக்கு ஆறாத கோபம்.

"வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பதெல்லாம் ஒரு வேலையா?" என்று தினமும் குத்திக்காட்டும்.

"எனக்குத் தெரிந்தது அதுதான் அண்ணே," என்று தகடு சொல்லும்.

பாலைவனத்திலிருந்து புழுதிக்காற்று வந்தது. தகட்டின் மேல் புழுதி அப்பிக்கொண்டது. குழாயில் தண்ணீர் நூலாக இளைத்தது. வெங்காயத் தாள்கள் துவண்டன.

"இனி என்னிடம்தானே வரவேண்டும்? வரட்டும், கெஞ்சட்டும். கைப்பிடியைச் சுற்றினால் முதல் சுற்றில் கிளம்பமாட்டேன். இரண்டாவது சுற்றில் கிளம்பிவிடுவேன்," என்றது என்ஜின்.

தோட்டக்காரி ஹவா கொட்டகைக்குள் ஓடி வந்தாள். என்ஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் அதன்மேல் போர்த்தியிருந்த பழைய துணியை உருவிக்கொண்டு போய், தகட்டைத் துடைத்தாள். தண்ணீர் வேகமாகப் பாய்ந்தது. பெண்கள் கூவிச் சிரித்தார்கள்.

"இது உங்கள் துணியா அண்ணே?" என்று கேட்டது தகடு.

வெறும் உடம்பாகக் கிடந்த என்ஜின்மேல் புழுதி இறங்கிக்கொண்டிருந்தது.