அட்டையை மட்டும் விட்டுவிட்டேன்

படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று மாணவர்களுக்கு விளக்குவதற்காக நான் எழுந்து நின்றேன். படகு சாய்ந்தது. நான் தப்பித்தேன், கையிலிருந்த புத்தகம் ஏரிக்குள் போனது.

கோட்டை மதில்மேல் காவல் நின்ற ஒல்லாந்துச் சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படகோட்டி பொன்னுரங்கம் கைவலையால் துழாவிப் புத்தகத்தை எடுத்தான். கூடவே ஒரு நண்டும் வந்தது.

"நண்டு பொழைச்சிக்கிச்சு சாயபு. இதுதான் சந்தேகம்," என்றான் பொன்னுரங்கம்.

மாணவன் அப்துல் ஹை முகம் வெளுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் என் காதோரம் முணுமுணுத்தான். "ஆலிம்சா, அது எங்க அக்காவோடது. உங்க கண்ணுல மட்டும் காட்டவே கூடாதுன்னு சொல்லிச்சு."

"தெரியும்டா. அதனாலதான் ஒளிஞ்சி ஒளிஞ்சிப் படிச்சேன்."

பழவேற்காட்டு மதரஸாவில், இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்குப் பிரிக்கும் சட்டத்தைக் கற்பிப்பவன் நான். அதில் தேறினால்தான் ஊர் வழக்குகளைத் தீர்க்கும் காஜி வேலை. முன்பெல்லாம் வேடிக்கை பேசிப் பாடம் நடத்துவேன். ஜமாஅத் பெரியவர்கள் கண்டித்ததும் நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து என் மாணவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அவர்களை எழுப்பியது, அப்துல் ஹையிடம் நான் வாங்கிய அவன் அக்கா கைருன் பீவியின் புத்தகம். படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று கரையில் மடவை மீனைப் பிரிப்பதை வைத்தே முழுச் சட்டத்தையும் சொல்லியிருந்தது. ஒவ்வொரு கணக்கிலும் செத்துப்போகிறவருக்கு ஒரு மனைவி, இரண்டு மகள்கள், விருந்துக்கு வந்து வீட்டோடு தங்கிவிட்ட ஒரு மச்சான். இந்தப் பிராணி எல்லார் வீட்டிலும் உண்டுபோல என்று எனக்கும் ஆறுதலாக இருந்தது.

மாணவர்கள் ஆளுக்கொரு படி எழுதி எடுத்துக்கொண்டார்கள். எடுக்கச் சொன்னவன் நான். மீன் பிரிப்பதை நேரில் காட்டலாம் என்று படகேற்றி அழைத்துப்போன அதிபுத்திசாலியும் நான்தான்.

எங்கள் படிப்பில் ஒரு முறை உண்டு. எழுதிய நூலோ, வாயால் சொன்ன பாடமோ, அதற்கு உரியவர் எதிரில் படித்துக் காட்டி அவர் அனுமதி பெற வேண்டும். பெறாமல் கற்றவன் தேறினாலும் தேறாதவனே. கைருன் பீவி ஒரு வார்த்தை மறுத்தால் என் மாணவர்களில் ஒருவனும் காஜியாக மாட்டான். எனக்கும் வேலை இருக்காது.

பொன்னுரங்கம் வீட்டுக் கருவாட்டோடு காயவைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தம்மாள் வீட்டுக்குப் போனேன். தெருப் பூனைகள் மரியாதையாகப் பின்னால் வந்தன.

அப்துல் ஹை புத்தகத்தை உள்ளே கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். வாசல் திரைக்குப் பின்னால் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"படிச்சிட்டீங்களா?" கைருன் பீவியின் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

"படிச்சேம்மா. பாடமும் நடத்திட்டேன்."

"எவ்ளோ எடுத்தீங்க?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா?"

"அட்டைய மட்டும் உட்டுட்டேன்."

அப்துல் ஹை தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வெலைக்குக் குடுத்தீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்ல. படிப்புக்கு மட்டும்தான்."

"யாரோட பாடம்னு சொன்னீங்க?"

"உன் பேரைச் சொன்னா மாட்டிக்குவேனேம்மா. யாரோ ஒரு பெரியவருதுன்னு சொல்லிவெச்சேன்."

"அதுல ஒண்ணும் தப்பில்ல," என்றது குரல்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அனுமதி உண்டா, இல்லியாம்மா?"

"குடுக்கறதுக்கு நான் யாரு?"

மறுப்பதைக்கூட இவ்வளவு அடக்கமாகச் செய்கிறாளே என்று தோன்றியது. "என்னை வேணா ஜமாஅத்துல சொல்லி வெளிய தள்ளிடும்மா. பசங்களை உட்டுடு. அனுமதி இல்லாத பாடம்னு அவங்களுக்குத் தெரியாது. உன் தம்பி ஒருத்தனுக்குத்தான் தெரியும்; அவனும் எனக்குப் பயந்துகினுதான் குடுத்தான்."

அப்துல் ஹை வேகமாகத் தலையாட்டினான்.

"அதுக்கு முன்னாடி மார்க்கத்துல ஒரு சந்தேகம், ஆலிம்சா," என்றாள் கைருன் பீவி. "ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தர் கேக்காம எடுத்துக்கினா, அதுவும் படிப்புக்குனே எடுத்துக்கினா, குத்தமா?"

முழுகுகிறவனுக்குக் கட்டுமரம் கிடைத்தால் விடுவானா? "குத்தமே இல்ல," என்றேன். எனக்குத் தெரிந்த ஆதாரங்களை எல்லாம் சொன்னேன். தெரியாதது சிலதையும் சேர்த்துக்கொண்டேன்.

"முழுசா எடுத்திருந்தா?"

"முழுசா எடுத்தாதானேம்மா புரியும்."

"பாடத்துக்கு உரியவரு கோச்சிக்கினா இன்னா பண்றது?"

"கோச்சிக்கக் கூடாது. இல்மு, கத்த கல்வின்னா நாலு பேருக்குப் போய்ச் சேரணும். அதுக்குக் கோச்சிக்கினா அவரு கல்நெஞ்சக்காரரு."

"இது நீங்க சொன்ன தீர்ப்பு. நாளைக்கு மாத்த மாட்டீங்களே?"

"சத்தியமா மாத்த மாட்டேன். இனிமேலாவது நேராச் சொல்லும்மா. அனுமதி குடுக்க நீ யாருன்னு கேட்டியே, அப்போ யாரு யாருகிட்ட கேக்கணும்?"

திரைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி மதரஸால பொம்பளைங்க தட்டிக்குப் பின்னால ஒக்காந்து, நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கினது இது. நான்தான் உங்களக் கேக்கணும், ஆலிம்சா."