டக்கென்று பொருந்திய கண்

லென்ஸ் மாட்டாத புதுக் கேமராவுக்குக் கண் தெரியாது, காது மட்டும்தான். கடைக்கு வருகிறவர்களெல்லாம் பக்கத்திலிருந்த பெரிய ஜூம் லென்ஸைப் பார்த்து வியந்து பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அதற்கு ஆசை முற்றிவிட்டது.

"அண்ணே, கோபுரக் கலசத்துப் புறாவோட கண்ணே உங்களுக்குத் தெரியுமாமே! என்னோட வந்துடுங்க."

"நான் வேற கம்பெனி, தம்பி. என்னை முறுக்கித் திணிச்சா, லென்ஸ் மாட்டுற உன் பல்லுதான் உடையும்," என்றது ஜூம். "ஓரமா இருக்கே குட்டி லென்ஸ், அதுதான் உனக்குச் சேரும்."

"எனக்குத் தூரமெல்லாம் எட்டாதே," என்று குட்டி கூசியது.

கேமரா வாங்க வந்த பெண் அந்தக் குட்டியை அதில் வைத்துத் திருப்பினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. கேமராவுக்குப் பார்வை வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஜூம் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க!"