நான்காவது கட்டம்

கொதிநீர்த் தொட்டியின் ஆவி தாமரையின் மூக்குக்கண்ணாடியில் படிகிறது, அவள் துடைக்கவில்லை. காலை வெயில் நான்கு சோதனைக்குழாய்களின் மேல் சாய்ந்து விழுகிறது. நான்கிலும் இருப்பது மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகச் சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் நொதி. அது வேலை செய்தால் நீர் இளஞ்சிவப்பாகும். எந்த அமினோ அமிலம் அதை நிறுத்துகிறதோ அதுதான் அதன் வகை. சுவரில் ஒட்டிய தாளில் டைரோசின், ஃபீனைல்அலனின், டிரிப்டோபேன் என மூன்று கட்டங்கள். ஐந்து மாதமாக இந்த நொதி எதிலும் அடங்கவில்லை. இன்றோடு இதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு அமிலமாகச் சேர்த்த மூன்று குழாய்களும் வழக்கம்போல் கல்யாண வீட்டு ரோஸ் சிராப் நிறத்துக்கு வந்துவிட்டன. ஃபீனைல்அலனினையும் டிரிப்டோபேனையும் ஒன்றாகச் சேர்த்து ஊற்றிய நான்காவது மட்டும் வெறும் தண்ணீராகவே நிற்கிறது. டைமர் கீச்சிடுகிறது. "நிறமே வரல லா!" என்கிறார் ஆய்வுக்கூட உதவியாளர் பர்வேஸ். "நேத்து பிரிக்பீல்ட்ஸ் கடையில நான் சாம் ஆர்டர் பண்ணதும், நீ ரொட்டிய பாதியில விட்டுட்டு ஓடினது இதுக்குத்தானா?" சாம் என்பது காப்பியும் தேநீரும் ஒரே கிளாசில் கலந்தது. "ஆமாண்ணே. அஞ்சு மாசமா தனித்தனியாவே ஊத்திக்கிட்டிருந்தேன், மக்கு மாதிரி." சிரித்துக்கொண்டே மார்க்கரை எடுக்கிறாள். தாளில் இடமில்லை. நான்காவது கட்டத்தைச் சுவரிலேயே வரைகிறாள். சுவரில் கிறுக்காதீர்கள் என்று போன வாரம் நோட்டீஸ் ஒட்டிய பர்வேஸ், மார்க்கரின் மூடியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.